ஏணிப் படத்தை எடுத்துவிடுங்கள்: உயிரியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

பரிணாமப் பாடத்தை அடுத்து நீங்கள் திருத்தி எழுதும்போது ஒரு படத்தையும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு கருத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறோம். படம் எல்லோரும் அறிந்தது: இடக்கோடியில் அமீபா, அடுத்து மீன், தவளை, பல்லி, குரங்கு, வலக்கோடியில் நிமிர்ந்து நிற்கும் மனிதன். உயிர்கள் எளிய நிலையிலிருந்து சிக்கலான நிலைக்கு ஏறிக்கொண்டே இருக்கின்றன, பரிணாமம் என்றால் அந்த ஏற்றம்தான் என்பது அதன் கருத்து. வகுப்பறைச் சுவரொட்டிகளிலும் தேர்வு வழிகாட்டிகளிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர்கள் இதை அப்படியே எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள்.

அதில் உண்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரெல்லி பூல் பாறைகளில், ஏறத்தாழ 343 கோடி ஆண்டுகளுக்கு முன் நுண்ணுயிர்கள் படலம் படலமாகக் கட்டிய ஸ்ட்ரொமட்டோலைட்டுகள் இருக்கின்றன. அந்தப் பாறைகளில் எலும்பும் இல்லை, இலையும் இல்லை. உட்கரு உள்ள செல்களின் தடயங்கள் ஏறத்தாழ 160 கோடி ஆண்டுப் பழமையான படிவுகளில் கிடைக்கின்றன. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கிடைத்த பாங்கியோமார்ஃபா என்ற பலசெல் சிவப்புப் பாசிக்கு வயது சுமார் 105 கோடி ஆண்டு. விலங்குகளின் பெரும்பிரிவுகள் பலவும் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலப் படிவுகளில்தான் தெளிவாகத் தெரிகின்றன. ஒவ்வொரு காலத்திலும் இருந்தவற்றுள் மிகச் சிக்கலான உயிர் எது என்று கேட்டால், அந்த உச்சம் காலப்போக்கில் உயர்ந்திருக்கிறது. உச்சம் உயர்ந்ததைப் பார்த்து, ஒவ்வொரு கால்வழியும் ஏறுகிறது என்று முடிவுகட்டுவதுதான் தவறு. முன்னது பாறையில் படித்தது, பின்னது நாம் சேர்த்துக்கொண்டது.

முதலில் எதை எண்ணுகிறோம் என்பதைப் பாடம் சொல்லியாக வேண்டும். "சிக்கல்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் மாணவர் தம் மனத்தில் உள்ள ஏணியையே அளவுகோலாக எடுத்துக்கொள்வார். ஜீனோமின், அதாவது ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ. தொகுப்பின், நீளத்தை அதன் படிகளான கார இணைகளால் எண்ணலாம். மனிதனுக்கு ஏறத்தாழ 310 கோடி கார இணைகள், வெங்காயத்துக்கு சுமார் 1,600 கோடி. நியூ கலிடோனியாவில் வளரும் மெசிப்டெரிஸ் என்ற சிறு பெரணி இனம் ஒன்றில் 16,000 கோடி இருப்பதாக 2024இல் அளந்து வெளியிட்டார்கள், மனிதனைப் போல 50 மடங்கு. புரதம் தரும் மரபணுக்களை எண்ணினால் மனிதனுக்கு ஏறத்தாழ 20,000. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சீனோராப்டிட்டிஸ் எலிகன்ஸ் என்ற மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவுக்கும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான். அந்தப் புழுவின் முதிர்ந்த இருபால் உயிரியில் இருப்பவை 959 உடற்செல்கள். நெல்லின் மரபணுக்கள் 35,000க்கும் மேல். செல் வகைகளை எண்ணினால் மனிதன் மேலே வருகிறான். ஆனால் ஒரு வகை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை எண்ணுபவர்தான் முடிவுசெய்கிறார். உறுப்புகளைப் பார்த்தாலும் இதே நிலைதான். பாம்புக்கு முந்நூறு முள்ளெலும்புகள் இருக்கலாம், ஆனால் கால்கள் போய்விட்டன, கழுத்து, மார்பு, இடுப்பு என்ற வேறுபாடும் மங்கிவிட்டது. பல்லியைவிடப் பாம்பு சிக்கலானதா, எளியதா? முள்ளெலும்புகளின் எண்ணிக்கையைக் கேட்டால் ஒரு விடை, வகைகளைக் கேட்டால் வேறு விடை. ஜீனோம் நீளம், மரபணு எண்ணிக்கை, செல் வகை, உறுப்பு வகை, அடுக்கு நிலை (ஒற்றைச்செல்லா, பலசெல் உடலா என்பது) ஆகியவற்றைத் தனித்தனி நிரல்களாக இட்டு, பத்து உயிரிகளுக்கு ஓர் அட்டவணை தாருங்கள். எந்த நிரலும் இன்னொரு நிரலோடு முழுமையாக ஒத்துப்போகாது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே பார்ப்பார்.

அடுத்து உச்சம் ஏன் உயர்ந்தது என்ற கேள்வி. உயிர் தொடங்கியபோது அது கீழ் எல்லைக்கு அருகில்தான் இருந்தது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் செல்லுக்கு ஒரு குறைந்தபட்சத் தேவை உண்டு, அதற்குக் கீழே போனால் உயிர் இல்லை. கீழே வழி அடைபட்டு மேலே வழி திறந்திருக்கும்போது, எந்தத் தள்ளுதலும் இல்லாமலே சில கால்வழிகள் மேலே பரவும். பெரும்பாலானவை பாக்டீரியா அளவிலேயே நிலைத்திருக்கும், இன்றும் அவை அப்படித்தான் இருக்கின்றன. இதைச் சார்பற்ற பரவல் எனலாம். கால்வழிகளே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது உந்தப்பட்ட போக்கு. இரண்டையும் பிரித்தறியச் சோதனைகள் உண்டு. தொல்லுயிரியலாளர் டேனியல் மெக்ஷே 1994இல் அவற்றைத் தொகுத்துத் தந்தார். முதலாவது, குழுவின் மிக எளிய உறுப்பினரும் காலத்தோடு மேலே போயிருக்கிறதா என்று பார்ப்பது. உந்துதல் இருந்தால் அதுவும் நகரும், இல்லாவிட்டால் கீழேயே நிற்கும். இரண்டாவது, முன்னோர்–வழித்தோன்றல் இணைகளை எடுத்து, கூடியவை எத்தனை, குறைந்தவை எத்தனை என்று எண்ணுவது. மூன்றாவது, கீழ் எல்லையை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஓர் உட்பிரிவை மட்டும் தனியே எடுத்து, அதன் பரவல் மேல்பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பது.

இந்தச் சோதனைகளின் விடை எல்லா உயிர்களுக்கும் ஒன்றாக இல்லை. பாடத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டியது இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். பாலூட்டிகளின் முதுகெலும்புத் தொடரை மெக்ஷே 1993இல் அளந்தபோது, முன்னோரைவிட வழித்தோன்றல் சிக்கலாவதற்கான சாய்வு தெரியவில்லை. 2008இல் ஓட்டுடலிகளின், அதாவது இறால், நண்டு இனங்களின் கால்களை எண்ணியவர்கள், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல கால்வழிகளில் கால் வகைகள் கூடியிருப்பதைக் கண்டார்கள். மண்டையோட்டிலோ போக்கு நேர்மாறானது. மீனின் மண்டையோட்டில் எலும்புகள் ஏராளம், பாலூட்டிகளில் அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. ஊர்வனவற்றின் கீழ்த்தாடையில் பக்கத்துக்குப் பல எலும்புகள் உண்டு, நமக்கோ பக்கத்துக்கு ஒன்றே. பழைய தாடை மூட்டின் இரண்டு எலும்புகள் நம் நடுச்செவியில் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் வேலை செய்கின்றன. தாடை எளிமையானது, காது சிக்கலானது. ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் இவை.

நம் மாணவர்களுக்கு இதைக் கையில் கொடுத்துக் காட்ட ஒரு வழி இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகள் அம்மோனைட்டுகளுக்குப் பெயர்பெற்றவை. அம்மோனைட் என்பது கணவாயின் உறவான, இன்று அழிந்துபோன ஒரு கடல் உயிர். அதன் சுருள் ஓடு பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. அறைத் தடுப்பின் விளிம்பு ஓட்டின் உட்சுவரைத் தொடும் இடம் ஒரு கோடாகத் தெரியும். இங்கே அதைத் தடுப்புக்கோடு என்று சொல்கிறோம். தொடக்ககால இனங்களில் அது மெல்லிய அலை. பிந்தியவற்றில் முருங்கை இலைக் கொத்துப் போலக் கிளைக்குள் கிளையாக மடியும். தொல்லுயிர்ப் பெருங்காலத்தின் (பேலியோசோயிக்) 588 அம்மோனாய்டு பேரினங்களை, அதாவது அம்மோனைட்டுகள் அடங்கிய பெரும்பிரிவின் பேரினங்களை, அளந்து 1999இல் வெளியான ஆய்வில், சிக்கல் கூடிய வழித்தோன்றல்கள் குறைந்தவற்றைப் போல இரு மடங்குக்கும் மேல் இருந்தன. தெளிவான மேல்நோக்கிய சாய்வு.

அளக்கும் முறையை ஒரு செயல்பாடாகப் பாடத்தில் சேர்க்கலாம். அம்மோனைட்டின் பக்கவாட்டுப் படத்தை, சுருளின் அகலம் எல்லாப் படங்களிலும் ஒரே அளவாக, எடுத்துக்காட்டாக 15 செ.மீ. ஆக, வருமாறு பெரிதாக்கி அச்சிடுங்கள். ஒரு தடுப்புக்கோட்டைத் தேர்ந்து, சுருளின் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்புவரை அதன் மடிப்புகள்மேல் மெல்லிய தையல் நூலை ஒட்டிச் செல்லுங்கள். நூலை எடுத்து நீட்டி அளந்து, அதே இரு முனைகளுக்கும் இடையிலான நேர்த்தூரத்தால் வகுங்கள். அறைகள் கொண்ட சுருள் ஓட்டோடு இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸுக்கு விடை ஒன்றைவிடச் சிறிதளவே கூடும். மடிப்பு மிகுந்த அம்மோனைட்டுக்கு அது பல மடங்காகும்.

இதில் தவறு நேரும் இடங்களையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அளவுகள் பயனற்றுப்போகும். வெளி ஓடு இன்னும் ஒட்டியிருந்தால் கோடு தெரியாது. ஓட்டுக்குள்ளே சேறு நிறைந்து இறுகிய அச்சில்தான் அது தெரியும். தேய்ந்த மாதிரியில் நுண்மடிப்புகள் அழிந்து கோடு பொய்யாக எளிமையாகத் தோன்றும். இளம் சுருளில் கோடு எளியது, வளர வளர மடிப்பு கூடும். ஆகவே ஒத்த வளர்ச்சி நிலையில் உள்ளவற்றையே ஒப்பிட வேண்டும். முதிர்ந்த ஓட்டில் கடைசிச் சில தடுப்புகள் நெருங்கி அமைந்திருக்கும், அவற்றைத் தவிர்ப்பது நல்லது. தடித்த நூல் சிறு மடிப்புகளைத் தாண்டிப் போய்விடும் என்பதால் வகுப்பு முழுதும் ஒரே நூல், ஒரே உருப்பெருக்கம் இருக்க வேண்டும். தயவுசெய்து மாணவர்களைக் களத்துக்கு அனுப்பிப் புதைபடிவங்களைப் பெயர்த்தெடுக்கச் சொல்லாதீர்கள். படங்களும் வார்ப்புகளும் போதும். நேரில் பார்க்க வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது.

அளந்து முடித்தபின் இரண்டு தகவல்களை முன்வைத்துக் கேள்வி கேட்கலாம். கோடு மிகச் சிக்கலான அம்மோனைட் பேரினங்கள் எளியவற்றைவிட நெடுங்காலம் நிலைத்தனவா என்று 1992இல் ஆராய்ந்தபோது அப்படியொரு தொடர்பு கிடைக்கவில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பேரழிவில் அம்மோனைட்டுகள் மறைந்தன, ஏறத்தாழ நேர்கோடு உடைய நாட்டிலஸின் கால்வழி பிழைத்தது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடற்பரப்பின் மிதவை உயிர்களைச் சார்ந்தவை. நாட்டிலஸோ பெரிய முட்டையிட்டுப் பெரிய குஞ்சு பொரிப்பது. பிழைத்ததற்கு முக்கியமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். சிக்கலுக்கும் பிழைப்புக்கும் நேர் உறவு இருக்க வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உள்ளூர் எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

காரணங்களைப் பற்றிய பகுதியிலும் ஒரு குறை உண்டு. சிக்கலான ஓர் அமைப்பைக் கண்டதும் "இதனால் என்ன பயன்" என்று மட்டுமே கேட்கப் பழக்குகிறோம். பயன் உள்ள இடங்கள் உண்டுதான். நம் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் சிவப்பு, பச்சை நிறப்புரத மரபணுக்கள் ஒரே மரபணு இரட்டித்து வந்தவை, அதனால்தான் நாம் பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் நிறத்தால் பிரித்தறிகிறோம். ஆனால் பயனில்லாமலும் சிக்கல் கூடும். செல்லின் உள்ளறைகளை அமிலமாக்கும் வி-ஏ.டி.பி.ஏஸ் என்ற புரத இயந்திரத்தில் ஒரு வளையம் உண்டு. விலங்குகளில் அது இருவகைப் புரதங்களால் ஆனது; பூஞ்சைகளில் அவற்றுள் ஒன்றின் மரபணு இரட்டித்ததால் மூவகை. ஜோ தார்ன்டன் குழுவினர் 2012இல், இரட்டிப்புக்கு முந்திய மூதாதைப் புரதத்தின் வரிசையைக் கணித்து உருவாக்கி, இரண்டு பிரதிகளும் நீக்கப்பட்ட ஈஸ்டுக்குள் வைத்தார்கள். கால்சியம் மிகுந்த ஊடகத்தில், இந்த இயந்திரம் ஓடினால் மட்டுமே வளரக்கூடிய நிலையில், ஈஸ்ட் வளர்ந்தது. மூதாதைப் புரதம் ஒன்றே இரண்டின் இடத்தையும் நிரப்பியது. இரட்டித்தபின் ஒரு பிரதி வளையத்தில் தன் ஒருபக்கப் பிடிப்பை இழந்தது, மற்றது மறுபக்கப் பிடிப்பை இழந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் வளையம் மூடும் என்றாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சடுதி மாற்றத்தைப் புகுத்தி இந்நிலையை ஆய்வகத்தில் மீட்டுருவாக்க முடிந்தது. புதிய வேலை எதுவும் சேரவில்லை. பாகங்கள் கூடின, ஒன்று இல்லாமல் மற்றது இயங்காத நிலையும் வந்தது. "இவ்வளவு பின்னிப்பிணைந்தது எப்படித் தானாக வந்திருக்கும்" என்று கேட்கும் மாணவருக்கு நேரான விடை இதில் இருக்கிறது.

எளிமையாதலை இன்று ஒட்டுண்ணிகளுக்கு மட்டுமான ஓர் ஓரத்துச் செய்தியாக வைத்திருக்கிறோம். அதைப் பாடத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மீன்களைத் தாக்கும் மிக்சோசோவாக்கள் சில செல்களே கொண்டவை, நெடுங்காலம் ஒற்றைச்செல் உயிர்களோடு சேர்த்து வகைப்படுத்தப்பட்டவை. அவை ஜெல்லிமீன்களின் சொந்தம். கொட்டும் செல்லின் நுண்ணுறுப்பை ஒத்த ஒரு பை இன்னும் அவற்றில் இருக்கிறது. அவற்றுள் குடோவா இவாட்டாயின் ஜீனோம் 2.25 கோடி கார இணைகள்தான். சால்மன் மீனில் வாழும் ஹென்னகுயா சால்மினிகோலா தன் மைட்டோகாண்ட்ரிய ஜீனோமையே இழந்துவிட்டதை 2020இல் கண்டார்கள். தாவரத்துக்கு நம் குளங்களே போதும். பச்சைத் தூள் தூவியதுபோல மிதக்கும் உல்ஃபியா ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பூக்கும் தாவரம். வேர் இல்லை, நரம்போடிய இலை இல்லை. அது சேம்பும் கருணையும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. குளத்திலிருந்து ஒரு துளியை எடுத்து, பக்கத்தில் ஒரு சேப்பங்கிழங்குச் செடியை வைத்து, இரண்டும் உறவு என்று சொல்லிப் பாருங்கள். ஏணி அந்த இடத்திலேயே விழுந்துவிடும். கீழ் எல்லையில் இருக்கும் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவும், 5.8 லட்சம் கார இணைகளோடு, ஆதிகால எளிமையின் மிச்சம் அல்ல. பெரிய ஜீனோம் கொண்ட பாக்டீரியாக்களிலிருந்து சுருங்கி வந்தது அது.

கூடுதலும் குறைதலும் ஒரே சோதனையில் நடந்ததைக் காட்ட ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் தொடங்கிய ஈ.கோலை பாக்டீரியா சோதனை இருக்கிறது. ஒரே மூதாதையிலிருந்து 12 குடுவைகள்; குறைந்த அளவு குளுக்கோஸ்; நாள்தோறும் நூற்றில் ஒரு பங்கு புதிய ஊடகத்துக்கு மாற்றம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6.6 தலைமுறை, 500 தலைமுறைக்கு ஒருமுறை உறைய வைத்த மாதிரி. முதல் 2,000 தலைமுறைக்குள் 12 குடுவைகளிலும் ரைபோஸ் சர்க்கரையை உண்ணும் திறன் போய்விட்டது. ரைபோஸே இல்லாத குடுவையில் அந்த மரபணுக்கள் எளிதில் அறுபட்டுப் போனதோடு, அறுபட்டவை சற்று வேகமாகவும் பெருகின. அதே 12இல் ஒன்றே ஒன்று, சுமார் 31,500ஆம் தலைமுறையில், ஆக்சிஜன் இருக்கும்போதே சிட்ரேட்டை உண்ணக் கற்றது. ஒரு டி.என்.ஏ. துண்டு இரட்டித்து, சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் மரபணு, அதை இயக்கிவிடும் வேறொரு டி.என்.ஏ. சுவிட்சின்கீழ் போய்ச் சேர்ந்ததே காரணம். பன்னிரண்டிலும் இழப்பு, ஒன்றில் பேறு. இந்த விகிதத்தை மாணவர் மறக்க மாட்டார்.

பலசெல் நிலைக்கு ஈஸ்டைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. வில்லியம் ராட்கிளிஃப் குழு 2012இல் வெளியிட்ட சோதனையின் படிகள் இவை: 10 மி.லி. ஊடகத்தில் ஒற்றைச்செல் ஈஸ்டை 24 மணி நேரம் குலுக்கி வளர்ப்பது, 45 நிமிடம் அசையாமல் நிற்கவிடுவது, அடியில் படிந்த 0.1 மி.லி.யை மட்டும் புதிய ஊடகத்துக்கு மாற்றுவது. ஒரு வாரத்துக்குப் பின் நிற்கவிடுவதற்குப் பதில் மெதுவான சில விநாடிச் சுழற்சி. 60 நாளுக்குள் பத்துக் குடுவைகளிலும் பனித்துகள் வடிவக் கொத்துகள் வந்தன. தாய்செல்லும் மகள்செல்லும் பிரியாமல் ஒட்டிக்கொண்டதால் வந்த கொத்து அது. அப்படிப் பிரியாமல் போனதற்கு ஏ.சி.இ.2 என்ற மரபணு செயலிழந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. செல்லின் அளவில் ஓர் இழப்பு, உடலின் அளவில் ஒரு புதிய அடுக்கு. இதைச் செய்துபார்க்கும் ஆய்வகங்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஈஸ்ட் வேறொரு விதத்திலும் திரளும். தனித்தனிச் செல்கள் மேற்பரப்புப் புரதங்களால் கால்சியத்தின் துணையோடு ஒட்டிக்கொள்வது அது. இரண்டும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சிறிது சேர்த்தால் அந்தத் திரள் கலைந்துவிடும், பனித்துகள் கலையாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் "பலசெல் உயிர் வந்துவிட்டது" என்று பதிவேட்டில் எழுதக் கூடாது.

எங்கள் வேண்டுகோள்களை நேராகச் சொல்லிவிடுகிறோம். ஏணிப் படத்துக்குப் பதிலாகக் கிளைப் படம் வையுங்கள். அதில் மனிதனை ஓரத்தில் வைக்காமல் நடுக்கிளை ஒன்றில் வையுங்கள், கிளைகளைக் கணுவில் சுழற்றினாலும் உறவு மாறாது என்று படத்தின் அடியில் எழுதுங்கள். இன்றைய அமீபா நம் மூதாதை அல்ல, நமக்கு எத்தனை கோடி ஆண்டு வரலாறு உண்டோ அதற்கும் அத்தனை உண்டு என்ற ஒரு வரியைச் சேருங்கள். பாசியும் பெரணியும் வரும் இயல்களில் "கீழ்நிலை", "உயர்நிலை" என்ற அடைமொழிகளை விட்டுவிடுங்கள், வித்து உண்டா, கடத்துத் திசு உண்டா என்று பண்பைச் சொன்னாலே போதும். அம்மோனைட் அளவீட்டைச் செய்முறைப் பதிவேட்டில் சேருங்கள், ஒரு பாடவேளையில் முடிந்துவிடும்.

கடைசியாக வினாத்தாள். "எளிய உயிரிகளிலிருந்து சிக்கலான உயிரிகள் தோன்றியதை விளக்குக" என்ற வினா இருக்கும்வரை பாடத்தில் என்ன மாற்றினாலும் வகுப்பில் மாறாது. ஆசிரியர்கள் வினாவுக்குத்தான் பாடம் நடத்துகிறார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஐந்து முன்னோர்–வழித்தோன்றல் இணைகளின் அளவுகளைக் கொடுத்து, இதில் மேல்நோக்கிய சாய்வு இருக்கிறதா, அதை உறுதியாகச் சொல்ல ஐந்து இணைகள் போதுமா என்று கேளுங்கள். "போதாது" என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்படி விடைக்குறிப்பை அமையுங்கள். மாதிரி வினாக்களும் அளவீட்டுக்கான படத்தாள்களும் வேண்டுமென்றால் ஆக்கித்தர ஆயத்தமாக இருக்கிறோம்.

அன்புடன்,
உயிரியலும் தொல்லுயிரியலும் கற்பிக்கும் சிலர்